குழாய் நீங்கும் வேளை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்னும் ஊர் உளது. அங்கு 1838ஆம் ஆண்டில் தோன்றிய மருத்துவமனையில் அறுவை மருத்துவராய்ப் பல்லாண்டு பணியாற்றியவர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல் என்னும் ஆங்கிலேயர். அவர் மலையேறுவதிலும் வல்லவர். 1924ஆம் ஆண்டு சூன் திங்கள் 4ஆம் நாள், நார்ட்டன் என்னும் தோழருடன், பிராணவாயுக் குப்பியின் துணையின்றி எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி ஏறினார். ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் தொண்டைத் துன்பம் பொறாது நின்றுவிட்டார். நார்ட்டன் சிறிது தொலைவு மேற்சென்று மீண்டார். இருவரும் இறங்கி வருங்கால், கடுங்குளிரால் புண்பட்ட தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து சோமர்வெல்லின் மூச்சுவழியை அடைத்துக்கொண்டது. கூவி அழைக்கவும் குரல் எழவில்லை. முன்னே சென்ற நார்ட்டனோ, தோழர் ஓவியம் வரைதற்பொருட்டுப் பின்தங்கினார் என்று எண்ணினார். பனியில் அமர்ந்து முடிவை எதிர்நோக்கிய சோமர்வெல், இறுதியாக ஒருமுறை இருகைகளாலும் மார்பை அழுத்தி இருமினார். அடைப்பு வெளிப்பட்டது, உயிர் தப்பியது.

நுரையீரல் நலமாயிருப்பினும் வழி அடைபடின் பயனில்லை. அடைப்பை அகற்ற இருமலுக்கு வலிவு வேண்டும். அம்மலைச் சரிவில் விளங்கிய இவ்வுண்மை, இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நாள்தோறும் எழும் ஒரு வினாவோடு நெருங்கிய தொடர்புடையது. செயற்கை மூச்சுக் கருவியின் துணையோடு கிடக்கும் நோயாளியை எப்பொழுது அதனின்றும் விடுவிக்கலாம் என்பதே அவ்வினா.

வெண்டிலேட்டர் எனப்படும் அக்கருவி, வாய்வழியே மூச்சுக்குழலுட் செலுத்தப்பெற்ற குழாயின் வாயிலாகக் காற்றை நுரையீரலுட் புகுத்துகின்றது. நோய் தணியுமளவும் உயிரைக் காப்பது அதுவே; எனினும் நெடுநாள் துணையாதற்கு உரியதன்று. குழாய் இருக்குங்கால் நோயாளி நன்கு இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. கிருமிகள் நுரையீரலைப் பற்றுதல் எளிதாகும். மேலும், மூச்சிழுக்கும் தொழிலில் தலைமையானது, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் என்னும் தசை. தொழிலின்றிக் கிடப்பின், மூன்று நாளுக்குள்ளேயே அதன் இழைகள் மெலிகின்றன என்பதை 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. ஆதலின் தாழ்த்தல் தீது. விரைதலும் தீதே, குழாயை எடுத்தபின் மூச்சுத் திணறி, மீண்டும் அதனைச் செலுத்த நேரின் உயிருக்கு இடர் மிகும்.

வேளையறிதற்கு எளிய கணக்கொன்றை யாங், டோபின் என்னும் இருவர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோயாளி தாமே ஒரு நிமிடத்தில் எத்துணை முறை மூச்சு விடுகின்றார் என எண்ணி, ஒரு மூச்சில் கொள்ளும் காற்றின் லிட்டர் அளவால் அதனை வகுக்கவேண்டும். நிமிடத்திற்கு 20 மூச்சும், மூச்சொன்றுக்கு அரை லிட்டரும் ஆயின் ஈவு 40, இது நன்று. 36 மூச்சும் 0.24 லிட்டருமாயின் ஈவு 150. 105ஐக் கடந்தால் துணையின்றித் தாங்குதல் அரிது என்பது அவர்தம் முடிபு. விரைந்து மேலெழுந்த மூச்சு, தளர்ந்த தசையின் அடையாளம் அன்றோ? ஆயினும் எண் ஒன்றை மட்டும் நம்புதல் தகாது.

எண்ணினும் சிறந்தது சோதனை. நோய் தணிந்து, குருதியழுத்தம் நிலைபெற்று, நோயாளி விழித்திருக்குங்கால், கருவியின் உந்துதலை நீக்கியோ மிகக் குறைத்தோ 30 நிமிடம் முதல் 2 மணி வரை அவரைத் தாமே மூச்செடுக்க விடுவர். வியர்த்தல், பதைத்தல், மூக்குத்துளை விரிதல் ஆகியன காணின் கருவியை மீண்டும் இயக்கி, மறுநாள் முயல்வர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 300 நோயாளிகளிடம் நிகழ்ந்த ஆய்வில், இவ்வாறு நாள்தோறும் சோதிக்கப்பெற்றோர் கருவியில் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 4.5 நாள், ஏனையோர்க்கோ 6 நாள். அனுபவம் மிக்க மருத்துவரும் பெரும்பாலும் அஞ்சித் தாழ்த்துகின்றனர் போலும். தம் கையாலேயே குழாயைப் பிடுங்கிவிட்ட நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு அது மீண்டும் தேவைப்படுவதில்லை என்பது வியப்பான செய்தி.

நாஞ்சில் நாடு போன்ற வயல்சூழ் நாடுகளில் மருத்துவர் மற்றொன்றையும் நோக்கவேண்டும். பூச்சிமருந்து நஞ்சு உட்சென்றவர் முதலில் தேறியவர்போல் தோன்றி, 24 மணி முதல் 96 மணிக்குள் மீண்டும் மூச்சுத் தளர்வது உண்டு. இதனை 1987ஆம் ஆண்டில் விளக்கியோர் இலங்கையைச் சேர்ந்த சேனநாயக்க, கரல்லியத்த என்னும் மருத்துவர்கள். அந்நிலையில் நோயாளியால் தலையணையினின்றும் தலையைத் தூக்க இயலாது. நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சாலும் கழுத்துத் தசை இவ்வாறே தளரும். தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தற்கு எக்கருவியும் வேண்டா. எனினும் அது உணர்த்துவது மிகுதி.

இறுதியில் தொண்டையைச் சோதிப்பர். குழாயைச் சுற்றியுள்ள சிறு பையின் காற்றை இறக்கியதும், குழாயின் புறத்தே காற்றுக் கசிதல் வேண்டும்; கசியாவிடின் தொண்டை வீங்கியிருத்தல் கூடும். இருமச் சொல்லி, அதன் வலிவையும் அறிவர். பின்னரே குழாய் நீங்கும். முதற்சொல் கரகரத்தே எழும். அடுத்த 48 மணி நேரமும் செவிலியர் கண் அவர் மார்பின்மேலேயே இருக்கும்.