மணிக்கட்டில் நான்கு வரி

வாஷியில் ஹார்பர் லைன் ரயில் கிளம்பினால் அடுத்து மான்குர்டில்தான் நிற்கும். நடுவில் கழிமுகத்தின் மேல் நீளமான பாலம். ஏழெட்டு நிமிடத்துக்கு இறங்க இடம் கிடையாது. 1992இல் இந்தப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகுதான் வாஷி மும்பையோடு ஒட்டிக்கொண்டது. செம்பூரிலும் குர்லாவிலும் வேலை, வாஷியில் வீடு என்று தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. சாயங்கால நெரிசலில், அந்தப் பாலத்தின் மேல், ஒருவர் வியர்த்துக் கொட்டிக் கம்பியைப் பிடிக்க முடியாமல் தள்ளாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். நாக்கு குழறுகிறது. பக்கத்தில் நிற்பவர் வாயில் முதலில் வரும் சொல் 'பேவ்டா'. குடிகாரன் என்று முடிவு கட்டி ஒதுங்கி நிற்பார்கள். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவராக இருக்கலாம். காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு, வேலை மும்முரத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிட்டவராக இருக்கலாம்.

நீரிழிவு என்றதும் சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் பேசுகிறோம். ஏறிய சர்க்கரை பெரும்பாலும் வருடக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும். இறங்கிய சர்க்கரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். நம் மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஆற்றல் முக்கியமாக குளுக்கோஸிலிருந்து வர வேண்டும். தசை தனக்கென்று சேமித்து வைத்துக்கொள்ளும். மூளையிடம் அப்படிச் சேமிப்பு ஏதும் இல்லை என்றே சொல்லலாம். ரத்தம் கொண்டுவந்து கொடுப்பதைக்கொண்டு அவ்வப்போது காலம் தள்ளுகிறது.

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறார்கள் மருத்துவர்கள். வீட்டில் நாம் சொல்வது 'லோ ஆயிடுச்சு'. உடல் உடனே அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கிறது. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, அகோரப் பசி எல்லாம் அதன் வேலை. இந்த நேரத்தில் நாலு கரண்டி சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டால் சங்கதி முடிந்தது. கவனிக்காமல் விட்டு 54க்கும் கீழே இறங்கினால் மூளையே பட்டினி கிடக்கத் தொடங்குகிறது. குழப்பம், காரணமில்லாத கோபம், பேச்சுத் தடுமாற்றம், பிறகு வலிப்பு, மயக்கம். இதில் கொடுமை என்னவென்றால், தனக்கு என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டிய உறுப்புதான் முதலில் செயலிழக்கிறது. 'எனக்கு சுகர், கொஞ்சம் சர்க்கரை கொடுங்கள்' என்ற ஒரு வாக்கியம் அவரைக் காப்பாற்றிவிடும். அந்த வாக்கியத்தைத்தான் அவரால் சொல்ல முடியாது.

அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கு அந்த முதல் எச்சரிக்கையும் மங்கிவிடுகிறது. வியர்வை, நடுக்கம் எதுவும் தெரியாமல் நேராகக் குழப்பத்துக்குப் போய்விடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும். வியர்வை மட்டும் மிஞ்சும். மும்பையின் மே மாதத்தில் வியர்வையை யார் கவனிப்பார்கள்?

இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் உலகின் பல பகுதிகளில் சர்க்கரை நோயாளிகள் கையில் ஒரு காப்பு அணிகிறார்கள். ஸ்டீல் சங்கிலியில் சின்னத் தகடு. அதில் பொறித்த சில வரிகள்: என்ன நோய், என்ன மருந்து, யாரைக் கூப்பிட வேண்டும். கழுத்தில் டாலராகப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. இது தொடங்கிய கதை கலிஃபோர்னியாவில் டர்லாக் என்ற சிற்றூரில் நடந்தது. 1953இல் அங்கே மருத்துவர் மேரியன் காலின்ஸின் மகள் லிண்டாவுக்குக் காயம் பட்டது. டெட்டனஸ் எதிர்ப்பு மருந்து போட்டதும் ஒவ்வாமையால் அவள் உயிருக்கே ஆபத்து வந்து, பிழைத்தாள். இன்னொரு முறை, பெற்றோர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இப்படி நடந்தால்? அந்தப் பயத்தில் ஒவ்வாத மருந்துகளின் பெயரைப் பொறித்து மகளுக்கு ஒரு வெள்ளிக் காப்பு செய்து போட்டார்கள். 1956இல் மெடிக்அலர்ட் என்ற அமைப்பு அந்தக் காப்பிலிருந்து பிறந்தது. ஒவ்வாமைக்காக வந்த ஏற்பாடு சர்க்கரை நோய்க்கும் வலிப்பு நோய்க்கும் பொருந்திப்போனதில் வியப்பில்லை.

மணிக்கட்டையும் கழுத்தையும் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. மயங்கிக் கிடப்பவரிடம் உதவிக்கு வருகிறவர் முதலில் தொடுவது நாடித்துடிப்பை. அது கிடைக்கும் இடங்கள் மணிக்கட்டும் கழுத்தும். தேடாமலே தகடு கண்ணில் படும். சட்டைப் பையில் இருக்கும் அட்டைக்கு இந்த வசதி இல்லை. முன்பின் தெரியாதவர் பர்ஸைத் திறக்க ரயிலில் யாரும் துணிவதில்லை. கூட்டத்தில் பர்ஸ் தங்குமா என்பதும் கேள்வி.

போனில் போட்டு வைத்தால் போதாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். ஐபோனில் 2014 முதல் மெடிக்கல் ஐடி இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் அவசரத் தகவல் என்று ஒரு பக்கம் உண்டு. பூட்டைத் திறக்காமலே படிக்கலாம். அதை நிரப்பி வைக்க ஐந்து நிமிடம் ஆகாது, கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் போன் சார்ஜ் இறங்கும், விழுந்து உடையும், தண்டவாளத்தில் போய்விடும். பூட்டிய போனில் அப்படி ஒரு பக்கம் இருப்பதே நம் ஊரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. பொறித்த எழுத்துக்குச் சார்ஜ் தேவையில்லை.

க்யூஆர் கோடு டாலர்களும் வந்துவிட்டன. மும்பையில் அக்‌ஷய் ரிட்லான் என்ற இளம் பொறியாளர் 'ப்ராஜெக்ட் சேத்னா' என்ற பெயரில் இவற்றைச் செய்து கொடுத்தார். 2023 செப்டம்பரில் வொர்லியில் தொலைந்துபோன, பேச இயலாத நிலையிலிருந்த மனவளர்ச்சி குன்றிய ஒரு சிறுவன் கொலாபாவில் கிடைத்தபோது, கழுத்து டாலரை ஸ்கேன் செய்துதான் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். வாய் பேசாத நேரத்தில் கழுத்து பேசிய நல்ல உதாரணம் இது. தொலைந்தவரைத் தேட மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது, அதற்கு க்யூஆர் பொருந்தும். சர்க்கரை இறங்கிய ஆளிடம் அவ்வளவு நேரம் இல்லை. கோடு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் மேலேயே வெறும் கண்ணால் படிக்கும்படி நோயின் பெயரும் இருக்கட்டும்.

ஒரு நியாயமான கேள்வியையும் பார்த்துவிடலாம். நல்ல ஆஸ்பத்திரியில் மயங்கி வந்த யாருக்கும் முதல் வேலையாக விரலைக் குத்தி சுகர் பார்க்கத்தானே செய்கிறார்கள், பிறகு காப்பு எதற்கு? காப்பின் வேலை ஆஸ்பத்திரி வாசலுக்கு முந்தைய அரைமணி நேரத்தில். பெட்டியில் இருப்பவர்கள் 'பேவ்டா' என்று ஒதுங்காமல் இருக்க, நிலையத்துப் போலீஸ்காரர் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டுப் போகாமல் இருக்க, நினைவு இருக்கும்போதே யாராவது ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க. ஆஸ்பத்திரிக்குள்ளும் அதற்கு ஒரு பயன் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் சர்க்கரை இறங்கியிருந்தால், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் மாத்திரை உடலில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். மருந்தின் பெயர் தெரிந்தால் மருத்துவர் அன்றிரவு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்.

எல்லாச் சர்க்கரை நோயாளிகளும் காப்பு போட வேண்டுமா? வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு, சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனின் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் குழுவினர் நடத்தியது, 2023இல் வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. உணவுக் கட்டுப்பாட்டிலோ மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தோ சமாளிக்கிறவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். அவர்களுக்கு போனில் உள்ள பக்கமே போதும். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்கள், ஒரு முறையாவது லோ ஆகி மயங்கியவர்கள், தனியாகப் பயணம் செய்யும் முதியவர்கள், டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தைகள்: இவர்களுக்குக் காப்பு கட்டாயம் வேண்டும். வாஷி ஏபிஎம்சி சந்தையில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்களையும் இதில் சேர்ப்பேன். கடும் உழைப்பில் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட லோ ஆகலாம். விடியுமுன் வெறும் வயிற்றில் சுமை தூக்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மழையையும் மறக்கக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது ரயில்களிலும் சாலைகளிலும் ஜனங்கள் ராத்திரி முழுக்கச் சிக்கிக் கிடந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டு கிளம்பியவருக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு எங்கே? பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் மழைக்காலத்தில் வாசல் தாண்டவே கூடாது.

இவ்வளவு பயனுள்ள ஒன்று நம்மிடம் பரவாததற்குக் காரணம் விலை என்று எனக்குத் தோன்றவில்லை. தெரிந்துவிடுமே என்ற கூச்சம். டைப் 1 உள்ள பெண் பிள்ளையின் பெற்றோர் கல்யாணப் பேச்சில் அடிபடும் என்று மறைக்கிறார்கள். வேலையில் இருப்பவர் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று குளியலறையில் ஊசி போட்டுக்கொள்கிறார். கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997இல் நீரிழிவு வந்தது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் ஓடிவந்து பந்து வீசினார். அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். சிபிஎஸ்இ 2017இல் டைப் 1 மாணவர்கள் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் தின்பண்டமும் கொண்டுபோக அனுமதி அளித்தது. ஒளித்து வைத்திருந்தால் அந்த அனுமதியைக் கேட்டிருக்கவே முடியாது. மகளின் நோயை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கலாம், அவள் ரயிலில் மயங்கும்போது உதவ வருகிறவரிடம் மறைப்பது அவளுக்குச் செய்யும் தீங்கு.

செய்துகொள்வது எளிது. நம் வீடுகளில் டம்ளர் தொலையாமல் இருக்கப் பாத்திரக்கடையில் பெயர் வெட்டி வாங்குவோமே, ஊசிமுனை அதிர அதிர எழுத்து விழும் அந்த மெஷின், அதுவே ஒரு ஸ்டீல் தகட்டுக்கும் போதும். பரிசுக் கோப்பையும் பெயர்ப் பலகையும் செய்கிற கடையில் லேசரில் வெட்டினால் எழுத்து இன்னும் தெளிவாக இருக்கும், தேயாது. 316எல் ரக ஸ்டீல் வியர்வைக்குத் துருப்பிடிக்காது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் டைட்டானியம் பார்க்கலாம். தங்கத்தில் வேண்டாம், மயங்கிக் கிடப்பவர் கையில் தங்கம் தங்காது. சாமி கயிறு கட்டிய கையில் போடாமல் மற்றக் கையில் போட்டால் கண்ணுக்குத் தனித்துத் தெரியும். பாம்பு சுற்றிய கோலுடன் ஆறு கை நட்சத்திரம் ஒன்றையும் பொறித்துவிடுங்கள். ஆம்புலன்ஸ்காரருக்கு அது பழகிய அடையாளம்.

எழுத்து தமிழில் வேண்டாம் என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். மான்குர்டில் இறக்கிவிடுகிறவர் மராத்திக்காரராகவோ பீகார்க்காரராகவோ இருப்பார். முன்பக்கம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'டயாபடீஸ்', அதன் கீழ் 'இன்சுலின்' அல்லது மாத்திரையின் பெயர். மராத்திக்காரருக்கும் ஹிந்திக்காரருக்கும் ஒரே சொல்லாக நாகரியில் 'மதுமேஹ்'. கடைசி வரியில், கூப்பிட்டால் எடுக்கிற ஒருவரின் போன் எண். பின்பக்கம் பெயரும், பென்சிலின் ஒவ்வாமையோ ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ இருந்தால் அதுவும். முகவரியும் ஆதார் எண்ணும் வேண்டாம். மருந்து மாறினால் தகட்டையும் மாற்றுங்கள். பழைய மருந்தின் பெயர் மருத்துவரைத் தவறான வழியில் இழுத்துச் செல்லும்.

அப்படி ஒரு தகட்டைப் பார்க்க நேர்ந்தவருக்கும் சில வார்த்தை. ஆள் நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது நாலு சிறு கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பிளாட்பாரத்தில் எலுமிச்சை சர்பத்தோ, கூடச் சர்க்கரை போட்ட டீயோ கிடைக்கும். டயட் கோலா பயன்படாது. வடாபாவும் சாக்லேட்டும் எண்ணெய், கொழுப்பால் மெதுவாகவே சேரும். வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரையும் தாமதமாகத்தான் பலன் தரும்; அவருக்கு குளுக்கோஸ் பவுடர் வேண்டும். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் 2014 முதல் ஓடும் இந்த ஆம்புலன்ஸில் மருத்துவரும் வருவார். ரயிலுக்குள் என்றால் 139.

உங்கள் வீட்டில் இன்சுலின் போடுகிறவரோ கிளிமிபிரைடு எடுப்பவரோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எந்த மருந்தைப் பொறிப்பது என்று அதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கியதைப் பீரோவில் வைக்காமல், குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றாமல் போட்டிருக்கச் சொல்லுங்கள்.