தன்முன்னேற்ற நாட்டம் பிறக்கும் இடம்

தன்முன்னேற்ற நூலை ஒருவர் முதன்முதலாகக் கையிலெடுப்பது பொருளாசையால் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. பற்றியிருந்த கொழுகொம்பு ஒடியும் வேளையிலேதான் அந்நாட்டம் பெரும்பாலும் பிறக்கிறது.

திருப்பெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. அங்குப் பணிபுரிந்தோருள் பலர் பள்ளிப்படிப்பு முடிந்ததும் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். ஊதியம் வரும்வரை வீட்டுக்கடனும் தம்பியின் படிப்புமே மனக்கணக்கு. வாயில் அடைபட்டபின்னரே, ‘எனக்கு வேறென்ன தெரியும்?’ என்னும் வினா எழுகிறது. ஒரே பணியை நாள்தோறும் செய்து பெற்ற தேர்ச்சி வேறோர் ஆலையில் செல்லாமற் போகலாம் அன்றோ! ஒரகடத்தில் ஒப்பந்தக்காலம் முடிந்து வெளியேறும் இளைஞனுக்கும் இதே வினாதான்.

தொண்டியில் பிறந்த அப்துற் றஹீம் இதனை நன்கறிந்தவர் போலும். ‘வாழ்க்கையில் வெற்றி’ முதலிய தம் நூல்களில் அறிவுரையோடு பெரியோர்தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளையும் அடுக்கிச் செல்வார். வேலையிழந்தவர்க்கு அறிவுரை அப்போது கசக்கவும் கூடும். தம்மைப்போல் வறுமையில் உழன்ற ஒருவரை அப்பக்கங்களிற் காண்பதே முதல் ஈர்ப்பு. இரவுப்பணி முடித்து விடுதிக்குத் திரும்பி, தொலைநிலைக் கல்விக்கான விண்ணப்பத்தை நிரப்பும் பெண்ணொருத்தியைத் தூண்டியதும் அத்தகையதொரு பக்கமாக இருக்கலாம்.