வேன்தான் வீடு, வாசலில் கடல்: கிளம்பும் முன் போனில் ஒரு கால் மணி நேரம்

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. தாம்பரத்தில் உங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் நிற்கிறது. உள்ளே மெத்தை, சின்ன அடுப்பு, இரண்டு கேன் தண்ணீர், மடக்கு நாற்காலி ரெண்டு. கணவன், மனைவி இருவருமாக இரண்டு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றிவிட்டு வரலாம் என்று திட்டம். ஹோட்டல் ரூம் வேண்டாம், செக்-அவுட் டென்ஷன் வேண்டாம். நல்ல யோசனைதான். சாவியைத் திருகும் முன் போனைக் கொஞ்சம் எடுங்கள்.

முதல் கேள்வி: வேன் யாருடையது? சொந்த வேன் என்றால், அதில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று பாருங்கள். சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டதும், கூரையை உயர்த்தியதும் ‘நம்ம வண்டி, நம்ம இஷ்டம்’ என்ற கணக்கில் வராது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இதைத்தான்.

வாடகை வேனா? நம்பர் பிளேட் மஞ்சளா என்று பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுத்தால், செலவு மிச்சமாகிறதோ இல்லையோ, சிக்கல் உங்களுடையது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் தேதிகள் தெரிந்துவிடும். கேரவன், கேம்பிங் நடத்துவோருக்கு மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு முறை இருக்கிறது. பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் லைசென்ஸ் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், அது செல்லும்.

தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாகப் போவது பலருக்குப் பழக்கம். பெரிய வண்டிக்கு எங்கள் சிபாரிசு வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை. கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் தாண்டிக் கேளம்பாக்கத்தில் ஓ.எம்.ஆரைக் கடந்தால் கோவளம். சுமார் 30 கிலோமீட்டர்தான்.

கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளும் இளைஞர்களைக் காலையிலேயே பார்க்கலாம். ஆனால் மணலில் வண்டியை இறக்கவோ, இஷ்டத்துக்குக் கூடாரம் போடவோ கூடாது. நம் கடற்கரையில் உதயம்தான் கடலில். அஸ்தமனம் தண்ணீரில் தெரிய வேண்டுமென்றால் முட்டுக்காடு உப்பங்கழிக்கு வாங்க. 1984 முதல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் அங்கே இயங்குகிறது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட். ஆன்லைனில் எடுத்தால் வரிசை இல்லை. இன்னும் தெற்கே போக நேரமிருந்தால் முதலியார்குப்பம் படகுக் குழாம், கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. 1760-இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டையின் மிச்சம், உப்பங்கழியைப் பார்த்தபடி நிற்கிறது. கூட்டமில்லாத இடம் தேடும் ஜோடிகளுக்கு இதுதான் சரி.

ட்ரோன் வைத்திருக்கிறீர்களா? தாம்பரம் விமானப்படைத் தளம், கல்பாக்கம் அணுமின் நிலையம் இரண்டும் இந்தப் பயணத்தின் பாதையில்தான் வருகின்றன. டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் சிவப்பு மண்டலம் என்று காட்டினால் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இரவு விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஏ.சி. ஆசை வரும், புரிகிறது. ஆனாலும் இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்காதீர்கள். மூடிய வேனுக்குள் அடுப்பும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடிவிட்டுப் படுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. ஜன்னல் திரைக்குச் செலவழிக்கும் முன் அதை வாங்குங்கள்.

எங்கே நிறுத்துவது? சாலை ஓரத்தில் வேண்டாம். வேகமாக வரும் வண்டிகளுக்கு இருட்டில் நிற்கும் வேன் தெரியாது. கார் பார்க்கிங் உள்ள விடுதியிலோ ரிசார்ட்டிலோ கேட்டு, கட்டணம் கொடுத்து நிறுத்துங்கள். கழிவறைத் தொட்டியைக் கழியிலோ கடலிலோ காலி செய்வது, சொல்லவே வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் கடலைப் பார்த்து விளக்கு எரியவிடாதீர்கள். முட்டையிட பங்குனி ஆமைகள் கரையேறும் காலம் அது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி எதிர்த்திசையில் போய்விடும்.

குளிக்க இறங்கும் முன் டி.என். அலர்ட் செயலியில் வானிலையைப் பாருங்கள். மாமல்லபுரம் கடல் அமைதியாகத் தெரியும் நாளிலும் உள்ளிழுக்கும். இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வாருங்கள். நீச்சல் தெரியாதவர் முழங்கால் ஆழத்தோடு நின்றுவிடுங்கள். செல்ஃபிக்காக ஒரு அடி கூட வேண்டாம்.

இருவர் போனிலும் இந்த எண்கள் இருக்கட்டும்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. ‘காவல் உதவி’ செயலியையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை ஊரே சென்னைக்குத் திரும்பும். மாமல்லபுரத்திலிருந்து நான்கு மணிக்கு முன்னாடியே கிளம்பிடுங்க.