கைதுக்கும் கடதாசி உண்டு

வயலுக்குப் போன மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது குடும்பத்துக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் பிரதேச செயலகத்திலோ கடவுச்சீட்டுக் கந்தோரிலோ போய் நிற்கும்போது ஊருக்குத் தெரிந்த உண்மை எடுபடுவதில்லை. "பிடித்ததற்கு என்ன ஆதாரம்? விட்டதற்கு என்ன ஆதாரம்?" என்றே கேட்கிறார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த எமது மக்களிடம் அந்த ஆதாரம் இருப்பதில்லை. வீட்டோடு எரிந்துபோனது, பதுங்குகுழிக்குள் நனைந்துபோனது, முகாமிலே தொலைந்துபோனது என்று ஆளுக்கொரு கதை.

இரண்டு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றில், காணி அனுமதிப்பத்திரம் கணவன் பெயரில் இருக்கிறது. அவர் கைதானவர், திரும்பவில்லை. மனைவி எந்தக் கந்தோருக்குப் போனாலும் கணவன் காணாமற்போன விதத்தை முதலில் இருந்து சொல்லவேண்டியிருக்கிறது. மற்றதில், ஆள் சிறையிலிருந்து வந்து வருடங்கள் பல ஆகின்றன. வழக்கு முடிந்துவிட்டதென்று நம்பியிருக்கிறார். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை எடுக்கப் போனபோதுதான் தடை தெரிகிறது. விடுதலையாகி வந்த அன்று அவர் கையில் இருந்தது ஒரு ஷொப்பிங் பையும் மாற்றுடுப்பும் மாத்திரமே. விடுதலைக் கட்டளையின் பிரதியை அவர் கேட்கவுமில்லை, எவரும் கொடுக்கவுமில்லை.

இந்த இரு குடும்பங்களுக்கும் உதவக்கூடிய ஏடுகள் பெரும்பாலும் எங்கோ எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு கைது ஒரே இடத்தில் மட்டும் பதியப்படுவதில்லை. பொலிஸ் நிலையம், நீதிமன்றம், சிறைச்சாலை, மனித உரிமைகள் ஆணைக்குழு என ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டு கிடக்கும். ஒரு துண்டிலுள்ள இலக்கம் அடுத்த துண்டுக்கு வழிகாட்டும். ஆகவே முதலில் தேடவேண்டியது கடதாசியை அல்ல, இலக்கத்தை.

அதற்கும் முன்னர் திகதி வேண்டும். "எந்த வருடம், எந்த மாதம்?" என்று கேட்டால் பலர் திகைத்துவிடுகிறார்கள். ஆனால் கமக்காரரின் நினைவு வேறு கணக்கில் ஓடுகிறது. காலபோக விதைப்புக்கு முன்னரா, அறுவடைக்குப் பின்னரா? சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் விட்டிருந்தார்களா? மூத்த பிள்ளை அப்போது எந்த வகுப்பு? இப்படிக் கேட்டுக்கொண்டு போனால் மாதத்துக்குக் கிட்ட வந்துவிடலாம். அந்த நாட்களில் கிராம உத்தியோகத்தருக்கோ பங்குத்தந்தைக்கோ கொடுத்த கடிதத்தின் பிரதி கிடைத்தால் திகதி உறுதியாகிவிடும். பங்குத்தந்தையின் கடிதம் கைதுக்கான சான்று ஆகாது. திகதிக்கு உதவும், அவ்வளவே.

பொலிசில் இருப்பது

பொலிஸ் நிலையத்தின் தகவல் புத்தகத்தில் முறைப்பாடுகளும் கைதுகளும் திகதி, நேரத்தோடு எழுதப்படும். நீங்கள் முன்னர் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியை அதே நிலையத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். மகனைக் காணவில்லை என்று அன்று முறைப்பாடு செய்திருந்தால் அந்தப் பிரதியே முதற் பத்திரம். தனியாகப் போகவேண்டாம், எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எவர் கேட்டாலும் மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டலாம், பிரதி கொடுக்கலாம்.

பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ கைது நடந்திருந்தால் இன்னுமொரு வழி உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, அத்தகைய கைதையும் தடுத்துவைத்திருக்கும் இடத்தையும் 48 மணித்தியாலங்களுக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். கைது செய்பவர் தமது பெயரையும் பதவியையும் கைதின் நேரத்தையும் கொண்டுபோகும் இடத்தையும் எழுதிக் குடும்பத்தவரிடம் பத்திரம் ஒன்று கொடுக்க வேண்டும் என்று 1997இலும் மீண்டும் 2006இலும் ஜனாதிபதியின் பணிப்புரைகள் வெளியாகின. அந்தத் துண்டு எத்தனை வீடுகளுக்குக் கிடைத்தது என்பது உங்களுக்கே தெரியும். ஆயினும் யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களிலுள்ள ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்களில் அக்காலத்தில் நீங்கள் முறையிட்டிருந்தால், அதற்கு ஒரு கோவை இலக்கம் இருக்கும். அந்தக் கோவையில் பொலிசாரின் பதிலும் சேர்ந்திருக்கலாம்.

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தடுப்பில் உள்ளவர்களைச் சந்தித்துப் பெயர் பதிந்து வந்தது. அவ்வாறு சந்திக்கப்பட்டவர்கள், தாம் தடுப்பில் இருந்தமைக்கான அத்தாட்சியை அதன் கொழும்பு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். அந்நாட்களில் கொடுத்த அட்டை இருந்தால் அதிலுள்ள இலக்கத்தையும் குறிப்பிடுங்கள்.

நீதிமன்றத்தில் இருப்பது

சாதாரண சட்டத்தின்படி கைதானவரை 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். அப்போது பொலிசார் கொடுக்கும் அறிக்கையைத்தான் எல்லோரும் 'பி அறிக்கை' என்கிறார்கள். அதன் இலக்கமே வழக்கின் திறப்பு. பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்திலோ அந்த அவகாசம் 72 மணித்தியாலம். அதன் பின்னர் தடுப்புக்காவல் கட்டளையின் கீழ் 18 மாதம் வரை வைத்திருக்க முடிந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 12 மாதமாகக் குறைத்தது. ஆகவே கைதான திகதிக்கும் முதன்முதலாக நீதவான் முன் வந்த திகதிக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கலாம். நீதிமன்றத்தில் கைதான மாதத்தை மட்டும் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொன்னால், பிந்திய மாதங்களையும் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

எந்த நீதிமன்றம் என்பதும் சிக்கல்தான். கிளிநொச்சியில் பிறந்தவரின் வழக்கு கிளிநொச்சியில்தான் இருக்கும் என்றில்லை. பிடிபட்ட இடம், விசாரித்த பிரிவு என்பவற்றைப் பொறுத்து வவுனியாவிலோ கொழும்பிலோ இருக்கலாம். இடையில் மாறியும் இருக்கலாம். 2017இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் இருந்த வழக்கொன்று அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டபோது அதனை எதிர்த்து மூன்று கைதிகள் உண்ணாவிரதம் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். எனவே, மாற்றப்பட்டிருந்தால் எந்தத் திகதியில், எந்த இலக்கத்துடன் என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆள் சிறையில் இருந்தவராயின் விளக்கமறியற் பத்திரத்திலும் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கிலக்கமும் இருக்கும். சிறைச்சாலையின் பதிவிலிருந்து அவற்றைப் பெறலாம்.

இலக்கம் கிடைத்ததும் முழு வழக்கேட்டையும் கேட்டுப் பணத்தைச் செலவழிக்கவேண்டாம். மூன்று போதும்: முதலாவது பி அறிக்கை, தவணைகள் எழுதப்பட்ட குறிப்பேடு, இறுதிக் கட்டளை. இவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளை விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். பொதுப் பத்திரத்தைப் பார்வையிட உரிமையுள்ளவருக்கு அதன் பிரதியைக் கட்டணத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கில் சம்பந்தப்பட்டவரே கேட்பது இலகு. குடும்பத்தவர் கேட்பதாயின் அவருடைய கையொப்பமிட்ட கடிதமோ, உறவைக் காட்டும் விவாக, பிறப்புச் சான்றிதழோ வேண்டும். நீதிமன்ற வாசலில் நின்று "நான் எடுத்துத் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகர்களிடம் போகாதீர்கள். வசதி குறைந்தவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் நிலையங்கள் பல, நீதிமன்றங்களை அண்டியே இருக்கின்றன.

குறிப்பேட்டை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், எமது மக்கள் பிணையில் வருவதையும் வழக்கு முடிவதையும் ஒன்றென எண்ணிவிடுகிறார்கள். பிணையில் விடப்பட்டவரின் வழக்கு இன்னும் உயிரோடிருக்கிறது. வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர் மீது அதே விடயத்தில் மீண்டும் நடவடிக்கை எடுக்க இடமிருக்கலாம். குற்றமற்றவர் எனத் தீர்த்து விடுதலை செய்யப்பட்டவரே முற்றாக வெளியே வந்தவர். "விட்டுவிட்டார்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். பிணையில் வந்த ஒருவர், ஷெல்வீச்சுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியதால் தவணைக்குப் போகாமல் விட்டிருப்பார். நீதிமன்றத்துக்குத் தெரிவது அவர் வரவில்லை என்பது மட்டுமே. பகிரங்கப் பிடியாணை பிறந்திருக்கும். பிணை நின்ற உறவினருக்கும் அழைப்பாணை போயிருக்கும், அவரும் இடம்பெயர்ந்திருப்பார். இவையெல்லாம் குறிப்பேட்டில் வரிவரியாக இருக்கும். அப்படியொரு வரியைக் கண்டால் பொலிசுக்குத் தனியே போய் விளக்கம் சொல்ல முனையாதீர்கள். சட்டத்தரணி ஒருவரோடு அதே நீதிமன்றத்தில் ஆஜராகி, இடம்பெயர்ந்த பதிவையும் முகாம் அட்டையையும் காட்டிப் பிடியாணையை மீளப்பெறும்படி கேட்பதே ஒழுங்கு.

2009இன் பின்னர் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட சுமார் 12,000 பேரில் பலருக்கு நீதிமன்றத்தில் வழக்கே இருந்திராது. அவர்கள் நீதிமன்றங்களில் தேடி அலையாமல், புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகத்திலிருந்து விடுவிப்புச் சான்றிதழைக் கேட்க வேண்டும்.

எழுத்தில் கேளுங்கள்

வாயால் கேட்டு வாயால் பதில் பெற்றுத் திரும்புவதால் பயனில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பொலிஸ், சிறைச்சாலை, பிரதேச செயலகம் யாவும் அதற்குள் அடங்கும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கொடுக்க வேண்டும். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதாயின் 48 மணித்தியாலத்துக்குள். இன்றைக்குப் பிடிக்கப்பட்ட பிள்ளையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது அப்படிப்பட்ட கேள்வி.

குற்றம் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குப் பாரதூரமான இடையூறு வரும் என்றோ, இன்னொருவரின் சொந்த விடயம் என்றோ மறுக்க இடமுண்டு. மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஏடு சிங்களத்தில் இருந்தாலும் மனந்தளர வேண்டாம். பிரதி பெற உரிமையுள்ள பத்திரத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது.

பழைய ஏடுகள் அழிந்துபோயிருக்கலாம். போரில் போனவையும் உண்டு. "இல்லை" என்பதே பதிலானால் அந்த "இல்லை"யை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு இல்லாத பெறுமதி அதற்கு உண்டு. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் முறையிடும்போதும், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கீழ் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும், எங்கெங்கே தேடினீர்கள் என்பதற்கு அது சாட்சி. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத மனைவியர்க்கு இந்தச் சான்றிதழ் ஒரு வழி. அது கணவன் இறந்தார் என்று சொல்லாது; அதை வைத்துக்கொண்டு காணி, வங்கி அலுவல்களைத் தொடங்கலாம்.

பொலிசுக்கு எழுதும் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

"தகவல் அலுவலர் அவர்களுக்கு. எனது கணவர் (முழுப்பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம்) 2008ஆம் ஆண்டு காலபோக அறுவடைக் காலத்தில், மாசி அல்லது பங்குனி மாதத்தில், (இடம்) என்னுமிடத்தில் கைது செய்யப்பட்டார். இது தொடர்பாகத் தங்கள் நிலையத்தின் தகவல் புத்தகத்தில் உள்ள பதிவின் திகதியையும் பக்கத்தையும், அவர் ஒப்படைக்கப்பட்ட இடத்தையும், நீதிமன்றத்துக்குச் சமர்ப்பித்த பி அறிக்கையின் இலக்கத்தையும் தந்துதவுமாறு வேண்டுகிறேன். பதிவு இல்லையாயின் அதனை எழுத்தில் அறியத் தரவும். பதிலைத் தமிழில் தரவும்."

கீழே உங்கள் பெயர், தற்போதைய முகவரி, திகதி, கையொப்பம். முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருப்பவர்கள் நிலையான ஒரு முகவரியைக் கொடுங்கள். பதில் வந்து திரும்பிப்போனால் மேன்முறையீட்டுக்கான நாட்கள் வீணாகிவிடும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை உங்களிடமுள்ள பிரதியின் பின்புறத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.