மாஸ்கோவில் ஒரு தமிழாசிரியர்

மாஸ்கோ சர்வகலாசாலையில் பல்லாண்டுகள் தமிழ் போதித்த பேராசிரியர் அலெக்சாண்டர் துபியான்ஸ்கி, 2020 நவம்பர் 18-ல் கொரோனா நோயால் தமது 79-வது வயதில் காலஞ்சென்றார். விருதுநகர், சிவகாசி வட்டாரத்து நேயர்களில் பலர் அப்பெயரைக் கேட்டிராதது வியப்பன்று; ஆயினும் வருந்தத்தக்கதே.

1941-ல் பிறந்த அவருக்குத் தமிழ் தாய்ப்பாலுடன் வந்ததன்று. மாஸ்கோவிலேயே அதைப் பயின்று, பின்னர் 1978-79-ல் சென்னை சர்வகலாசாலைக்கு வந்து மேலும் கற்றார். சங்க அகப்பாடல்களின் ஐந்திணை மரபுக்குப் பின்னே பண்டைச் சடங்குகளும் தொன்மக் கதைகளும் நிற்கின்றன என்பதே அவரது ஆராய்ச்சியின் சாரம். அந்நூல் 1989-ல் ருஷ்ய பாஷையிலும், 2000-ல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 2010-ல் நடந்த கோவைச் செம்மொழி மகாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார்.

முல்லைத் தலைவி கார்காலத்தை நோக்கிக் காத்திருப்பதன் உட்பொருளை ஆராய்ந்தவர் பனி தேசத்தார். மழைக்கு ஏங்கும் கரிசல் மண்ணில் பிறந்த நாமோ, பரீட்சை முடிந்ததும் அப்பாடல்களை மூடி வைத்துவிடுகிறோம்.

பட்டாசையும் தீப்பெட்டியையும் போலவே நாட்காட்டிகளையும் நோட்டுப் புத்தகங்களையும் தேசமெங்கும் அனுப்பும் சிவகாசியில் காகிதத்துக்கும் மைக்கும் பஞ்சமில்லை. அவ்வூர் அச்சகத்தார் ஆண்டுக்கொரு சங்க நூலைத் தெளிவுரையுடன் அச்சிட்டு, இம்மாவட்டப் பள்ளிகளுக்கு வழங்க முன்வருமாறு வேண்டுகிறோம். அயலார் நம் மொழியைப் போற்றினார் என்று பெருமை பேசுதல் எளிது. அவர் கற்ற அளவேனும் நாம் கற்பதன்றோ அவருக்கு நாம் செலுத்தும் கடன்?