தனியார் பள்ளிகளில் 25% இலவச இடம்: குலுக்கலுக்குப் பிறகு நடப்பது என்ன?

டெல்லியில் மழலையர் வகுப்புச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், ஓட்டுநர்கள், வீட்டுப் பணியாளர்கள், சிறு கடை ஊழியர்கள் எனப் பல்லாயிரம் பெற்றோர் ஒரு கணினிக் குலுக்கலின் முடிவுக்காகக் காத்திருக்கின்றனர். பெயர் வந்தால் கட்டணமின்றித் தனியார் பள்ளியில் இடம். வராவிட்டால் மாநகராட்சிப் பள்ளி, அல்லது கடன் வாங்கிக் கட்டணம் செலுத்த வேண்டிய சிறிய தனியார் பள்ளி.

இந்த வாய்ப்பை அளிப்பது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க நிலை வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது இப்பிரிவு. இது செல்லும் என 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறாத பள்ளிகளுக்கு அத்தீர்ப்பில் விலக்கு அளிக்கப்பட்டது. 2014-இல் அந்த விலக்கு அனைத்துச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

பள்ளியைப் பெற்றோர் தேர்வு செய்வதாகவே இத்திட்டம் பேசப்படுகிறது. ஆனால், டெல்லியில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரமே முன்னுரிமையைத் தீர்மானிக்கிறது. முதலில் ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்போர், அதன்பின் அடுத்தடுத்த தொலைவில் வசிப்போர் என வரிசை செல்கிறது. புகழ்பெற்ற பள்ளிகள் பெரும்பாலும் வசதியானவர்கள் வாழும் பகுதிகளிலேயே உள்ளன. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவையும் தேவை. வாடகை ஒப்பந்தம் இல்லாமல் அடிக்கடி வீடு மாறும் கூலித் தொழிலாளிக்கு இதுவே முதல் தடை. குலுக்கலில் தேர்வான பிறகும் பள்ளி சேர்க்க மறுத்ததால் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பெற்றோர் பலர் உள்ளனர்.

சேர்ந்த பிறகும் சிக்கல்கள் ஓய்வதில்லை. இக்குழந்தைகளைத் தனி வகுப்பில் பிரித்து வைக்கக் கூடாது, பாடநூல், எழுதுபொருள், சீருடை ஆகியவற்றை இலவசமாக வழங்க வேண்டும் என மத்திய அரசின் மாதிரி விதிகள் கூறுகின்றன. ஆனால் சுற்றுலா, ஆண்டு விழா, வாகனக் கட்டணம் போன்ற செலவுகள் குடும்பத்தையே சேர்கின்றன. ஆங்கிலத்தில் வரும் வீட்டுப்பாடத்தைப் பெற்றோரால் வாசிக்க முடியாதபோது, தனிப்பயிற்சிக்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டியுள்ளது. கட்டணமில்லா இடம் என்பது செலவில்லா இடம் அல்ல.

ஏழை மாணவர்கள் வந்தால் வகுப்பின் தரம் குறையும் என்ற அச்சம் தொடக்கத்தில் பரவலாக இருந்தது. பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் டெல்லி தனியார் பள்ளிகளில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. வசதியான மாணவர்களின் ஆங்கில மதிப்பெண் சிறிதளவே குறைந்தது. இந்தியிலும் கணிதத்திலும் பாதிப்பு காணப்படவில்லை. பரிசுத் தொகையுள்ள தொடர் ஓட்டத்துக்கு அணித் தோழரைத் தேர்வு செய்யச் சொன்னபோது, ஏழை மாணவர்களுடன் படித்தவர்கள் பணக்கார, ஏழை என்று பாராமல் வேகமாக ஓடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போக்கு கூடுதலாக இருந்தது. பிறருக்குக் கொடுக்கும் மனமும் அவர்களிடம் அதிகம் இருந்தது.

இந்த மாற்றத்தின் சுமையைத் தாங்குபவர்கள் ஆசிரியர்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தையும், அம்மொழியை முதன்முறை கேட்கும் குழந்தையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். அதற்கான பயிற்சியோ, துணை ஆசிரியரோ எல்லாப் பள்ளியிலும் கிடைப்பதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியரின் கவலை வேறு. கல்வியில் அக்கறையுள்ள பெற்றோரே முதலில் விண்ணப்பிப்பதால், மாணவர் எண்ணிக்கை குறைகிறது. அதைத் தொடர்ந்து பணியிடங்களும் குறையும்.

இவ்வாதத்தையும் செலவையும் முன்வைத்தே சில மாநிலங்கள் பின்வாங்கின. அருகில் அரசு அல்லது உதவி பெறும் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு இக்கடமை இல்லை எனக் கர்நாடகம் விதியைத் திருத்தியது. 2019-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. பெங்களூரு போன்ற நகரில் அரசுப் பள்ளி இல்லாத பகுதி குறைவு என்பதால் வாய்ப்பு பெருமளவு சுருங்கியது. மகாராஷ்டிரம் 2024 பிப்ரவரியில் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தபோது, அதே ஆண்டு ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரே சட்டம், இரு நகரங்களில் இரு முடிவுகள்.

பணமும் ஒரு காரணம். அரசு தன் பள்ளியில் ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளியின் கட்டணம் இவற்றில் எது குறைவோ அதுவே பள்ளிக்கு ஈடாகத் தரப்படுகிறது. அத்தொகை தாமதமாக வருவதாகப் பள்ளிகள் தொடர்ந்து புகார் கூறுகின்றன. மத்திய நிதி தொடர்பான இழுபறியால் 2025-இல் தமிழ்நாட்டிலும் இச்சேர்க்கை பல மாதங்கள் தள்ளிப்போனது.

சட்டத்தின் உறுதி 8-ஆம் வகுப்பு வரை மட்டுமே. அதன்பின் 9-ஆம் வகுப்புக்கு முழுக் கட்டணம் செலுத்துவதா, நண்பர்களை விட்டு வேறு பள்ளிக்கு மாறுவதா என்ற கேள்வியைப் பல குடும்பங்கள் பிள்ளையின் 14 வயதில் சந்திக்கின்றன. முதல் வகுப்பில் குலுக்கல் முடிவுக்காகக் காத்திருந்த அதே பெற்றோர், இம்முறை கட்டணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்தில் நிற்கின்றனர்.