பதிப்பு எண்ணின் பயன்

சென்னை அசோக் நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் வாயிலில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று பழைய எண். மற்றொன்று புதிய எண். நகரின் பல தெருக்களிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். புதிய எண் வந்தபொழுது பழையதை எவரும் அழித்துவிடவில்லை. பழைய முகவரியை வைத்திருக்கும் உறவினரும் வந்து சேரவேண்டும், புதிய முகவரியைப் பார்த்து வரும் தபால்காரரும் வந்து சேரவேண்டும் அல்லவா? இதன் அருமையை, நானே ஒரு பிழை செய்து பிறருக்கு இடையூறு விளைத்த பின்னர்தான் உணர்ந்தேன்.

கணினிக்கான நிரல்களுள் கட்டற்ற மென்பொருள் என்று ஒரு வகை உண்டு என்பதை மாணவ நேயர்கள் அறிவீர்கள். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். அத்தகைய சிறு நிரல் ஒன்றை நானும் எழுதினேன். தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்குவதே அதன் வேலை. இதற்குத் தனி நிரல் எதற்கு என்று கேட்கலாம். யூனிகோடு அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. ஆகவே, அட்டவணை எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் கணினி, ‘அன்பு’ என்பதை ‘அப்பம்’ என்பதற்கு முன்னே வைத்துவிடும். நம் நெடுங்கணக்கிலோ னகரம் மெய்களின் கடைசியில் வருவது. அதனைச் சரிசெய்யவே என் நிரல்.

வடவெழுத்தாகிய ஜகரத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. முதலில் னகரத்துக்கும் பின்னே வைத்து, 1.2 என்னும் எண்ணிட்டு வெளியிட்டேன். சில நாள் கழித்து, சகரத்தை அடுத்து வைப்பதே எளிது என்று தோன்றியது. சிறு மாற்றந்தானே என்று எண்ணி, எண்ணை மாற்றாமலே புதிய நிரலைப் பழையதன் இடத்தில் வைத்துவிட்டேன்.

காஞ்சிபுரத்துக் கல்லூரி மாணவி ஒருவர் நெசவுத்தொழிற் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். கல்லூரிக் கணினியில் இருந்தது முன்னைய 1.2, வீட்டுக் கணினியில் இருந்தது பின்னைய 1.2. அகரம் முதல் ஞகரம் வரையிலான முதற்பகுதியைக் கல்லூரியிலும், எஞ்சியதை வீட்டிலும் அடுக்கி அச்சுக்குக் கொடுத்தார். கல்லூரிக் கணினி ஜகரச் சொற்களைக் கடைசிக்குத் தள்ளியது; ஆகவே முதற்பகுதியில் அவை இல்லை. வீட்டுக் கணினி அவற்றை ஞகரத்துக்கு முன்னே கொண்டுபோனது. ஆகவே பிற்பகுதியிலும் இல்லை. காஞ்சிபுரத்து நெசவைப் பற்றிய சொற்றொகுதியில் ‘ஜரிகை’ இல்லாமற் போயிற்று! இரண்டு கணினிகளிலும் எண் ஒன்றாகவே இருந்தமையால், காரணம் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

ஒருமுறை வெளியிட்டதைப் பிறகு தொடலாகாது என்பது இத்துறையின் முதல் விதி. பிழையே ஆயினும் புதிய எண்ணுடன்தான் திருத்தம் வரவேண்டும். நம் புத்தகப் பதிப்பாளர்களுக்கு இது பழகிய செய்தி. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் தம் திருத்தங்களைப் பின்வந்த பதிப்புகளிலேதான் சேர்த்தார். வாங்கிச்சென்றவர் வீட்டுப் புத்தகத்தில் எழுத்து மாறிவிடாது. கணினியில் மாற்றுவது எளிது, அதுவே ஆபத்து.

எண்ணிடுவதற்குப் பரவலான முறை ஒன்று உண்டு. புள்ளியால் பிரித்த மூன்று எண்கள். பிழை மட்டும் நீங்கினால் மூன்றாவது எண் கூடும். பழையது கெடாமல் புதிய வசதி சேர்ந்தால் இரண்டாவது கூடும். முன்னர்ப் பயன்படுத்தியவருடைய வேலை மாறிப்போகுமாயின் முதலெண்ணே கூடவேண்டும். மூன்றாவதுதான் உயிர்நாடி. ஜகரத்தை நகர்த்தியது எனக்கு ஒரே வரி மாற்றம். ஆயினும் அது 2.0.0 ஆகியிருக்க வேண்டியது. மாற்றத்தின் அளவை எழுதியவன் பட்ட உழைப்பால் அளக்கக்கூடாது, பயன்படுத்துகிறவர் படும் பாட்டால் அளக்கவேண்டும். முதலெண் சுழியமாயின், இன்னும் உருவாகிவரும் நிரல் என்று பொருள். எல்லாரும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. அச்சுக்கோப்புக்காக டொனால்ட் நூத் இயற்றிய டெக் என்னும் நிரலின் எண் 3.14, 3.141 என்று, வட்டத்தின் பை மதிப்பை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்கிறது. பெரியவர்களுக்கு அது தகும். நம்மைப் போன்ற சிறியோர் மூன்று எண்களோடு நிற்பதே நலம்.

என் தவறு தெரிந்ததும் இரண்டு 1.2களையும் அழித்துவிடலாமா என்று யோசித்தேன். 2016இல் நிகழ்ந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. லெஃப்ட்-பேட் என்னும் பதினொரு வரிச் சிறுநிரலை அதன் ஆசிரியர் பொதுக்களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதனை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான நிரல்களின் ஆக்கம் உலகெங்கும் சில மணி நேரம் தடைப்பட்டது. ஆகவே நான் அழிக்கவில்லை. முன்னையதை அப்படியே மீட்டு வைத்தேன், பின்னையதை 2.0.0 ஆக்கினேன். மாற்றக்குறிப்பில், ‘ஜகரத்தின் இடம் மாறியுள்ளது, பாதி வேலை முடித்தவர்கள் முழுப்பட்டியலையும் மீண்டும் அடுக்குக’ என்று எழுதினேன். வரிசை தெரிந்த நாற்பது சொற்களை ஒரு கோப்பில் இட்டு, வெளியிடுமுன் அவற்றை அடுக்கிப் பார்ப்பதும் அன்றுமுதல் வழக்கமாயிற்று. அச்சொற்களுள் முதலாவது ஜரிகை. அம்மாணவியின் தொகுதிக்கு ஒரு பக்கப் பின்னிணைப்பு அச்சாகி, ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டப்பட்டது.